ஹோரோவின் தலைப்பக்கம்

த்ரோயான், டிசம்பர் 2, 2013, திங்கள்

ஓக்ன்யானுக்கு,

"அன்புள்ள தம்பிக்கு" என்றுதான் ஆரம்பித்தேன். கை கூசியது, அடித்துவிட்டேன். தாளை வீணாக்க மனமில்லாமல் அதிலேயே எழுதுகிறேன். அடித்தது தெரிந்தால் தெரியட்டும்.

உன் எண்ணை மே மாதமே என் போனில் அடைத்துவிட்டேன். திறக்கிற உத்தேசம் இல்லை. அதனால் இதை மன்றத்தைப் பார்த்துக்கொள்ளும் கின்காவிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். திங்களும் புதனும் கூடம் எனக்கு, செவ்வாயும் வியாழனும் உனக்கு. நாளைக்குச் சாவி வாங்கும்போது இதையும் வாங்கிக்கொள். பதில் இருந்தால் அவளிடமே கொடு. நேரில் வந்து நிற்காதே.

விஷயம் இரண்டு. இருபதாம் தேதி மாலை என் நடனப் பள்ளியின் கிறிஸ்துமஸ் விருந்து என்று அக்டோபரிலேயே கூடத்துக் கதவில் ஒட்டினேன். இன்று பார்த்தால் அதன் பக்கத்திலேயே உன் சீட்டு. அதே தேதி, அதே மாலை, ஆற்றோர விடுதியில் உன் பள்ளியின் விருந்தாம். எந்த விடுதியில் வேண்டுமானாலும் தின்னுங்கள். ஆனால் இந்த ஊரில் ஒழுங்காக அக்கார்டியன் வாசிக்கிறவன் டிச்சோ ஒருவன்தான், அவன் இருபதாம் தேதி எனக்கு வாசிக்கிறான். நீ வேறு நாள் பார்.

இரண்டாவது, வருடக் கடைசி நாள் பிற்பகல் சதுக்கத்தில் ஆடுகிற ஊர் ஹோரோ. இந்த வருடம் எந்தப் பள்ளி முன்நின்று நடத்துவது என்று நகராட்சி கேட்டிருக்கிறது. இதில் கேட்க என்ன இருக்கிறது? நான் கைக்குட்டையை வீசிக்கொண்டு முன்னால் போவேன், ஊர் கைகோத்துப் பின்னால் வரும். இத்தனை வருடம் அப்படித்தான் நடந்தது. உன் பின்னால் வர யார் இருக்கிறார்கள்? மாட்டு டாக்டர் ஸ்லாவ்சோ. சாணி ஒட்டிய பூட்சை உதறுகிற மாதிரிக் காலை உதறுவான். அப்புறம் அந்த மருந்துக்கடைக்காரர். அவர் பக்கத்து ஆளின் கையைப் பிடித்தால் ஆடப் பிடித்தாரா நாடி பார்க்கப் பிடித்தாரா என்று தெரியாது. மற்றவர்களுக்கு ஏதோ மலைக்கிராமத்து ஆட்டம் என்று சொல்லிக் கம்பளிக் காலுறையை மாட்டிவிட்டிருக்கிறாய். செவ்வாய் வியாழன் நாற்றம் திங்கட்கிழமை வரை கூடத்தை விட்டுப் போவதில்லை.

தலைப்பக்கத்தைப் பற்றி உன்னிடம் பேசுவதே கேவலம். நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் தெரியும், ஓடுகிற ஹோரோவில் சேர வேண்டுமானால் வால்பக்கம் போய்ச் சேர வேண்டும் என்று. முன்நிற்பவருக்கு முன்னால் போய்க் கைகோப்பது வழிப்பறி. நீ மே மாதத் திருவிழாவில், ஏழெட்டு ஊர்ப் பள்ளிகள் பார்த்துக்கொண்டிருக்க, வரிசை நடுவிலிருந்து ஓடிவந்து எனக்கு முன்னால் கைகோத்தாய். கைக்குட்டையையும் பிடுங்கிக்கொண்டாய். மறுநாளே உன்னைப் பள்ளியை விட்டு வெளியே அனுப்பினேன். பாதிப் பேர் உன் பின்னால் போனார்கள், அவர்கள் தலையெழுத்து.

விருந்தை மாற்று.

செவ்தா

*

டிசம்பர் 3, செவ்வாய்

மதிப்புக்குரிய பள்ளித் தலைவி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தாங்கள் நலமாகவும் வழக்கம்போல் எரிச்சலாகவும் இருப்பதை அறிந்து மகிழ்ச்சி. இதற்கு மேல் "தாங்கள்" போட்டால் எனக்குக் கை வலிக்கும், விட்டுவிடுகிறேன்.

மாற்ற முடியாது அக்கா. விடுதிக்காரனிடம் பேசியாகிவிட்டது, டிச்சோவிடமும் பேசியாகிவிட்டது. "அதெல்லாம் வந்துர்றேன் அண்ணே, நீங்க கவலையே படாதீங்க" என்றான். உனக்கும் இதே வார்த்தையைத்தான் சொல்லியிருப்பான். ஆனால் எனக்குச் சொல்லும்போது கண்ணைப் பார்த்துச் சொன்னான்.

என் ஆட்களைப் பற்றி எழுதியிருந்தாய். சரி, ஸ்லாவ்சோ காலை உதறுகிறான். அவன் உதறுவது கால். உன் நோட்டரி க்ரெமேனா ஆடுவது எதை வைத்து? ஒட்டு இமையை வைத்து. அடிக்கு ஒருமுறை நடுவர் பக்கம் திரும்பி முத்திரை குத்துகிற மாதிரி ஒரு சிரிப்பு. அவளுக்குப் பின்னால் உன் மற்ற பெண்மணிகள், ஒரே கடையில் தைத்த ஒரே உடுப்பில், பிளாஸ்டிக் நாணயம் குலுங்க, பீப்பாயில் அடுக்கிய முட்டைக்கோஸ் மாதிரி நெருக்கிக்கொண்டு. நீ காதில் மைக் மாட்டிக்கொண்டு "வலது, வலது, சிரிங்க" என்று கத்துகிறாய். இதைக் கூட்டிக்கொண்டு போட்டிக்குப் போய், வந்த எல்லோருக்கும் முதல் பரிசு கொடுக்கிற விழாவில் கோப்பை வாங்கி வந்து, கூடத்து அலமாரியை நிரப்பி வைத்திருக்கிறாய். என் பிள்ளைகள் அதில் தொப்பி மாட்டுகிறார்கள்.

நாம் ஒரே பள்ளியாக இருந்தபோதே இதைச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் நீ மூன்று நாள் பேசமாட்டாய் என்று பேசாமல் இருந்தேன். இப்போது ஏழு மாதமாகப் பேசவில்லை, அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.

சதுக்கத்து ஹோரோவை என் பள்ளி நடத்தும் என்று நகராட்சிக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். நீயும் எழுதிக் கொடு. அவர்கள் முடிவு செய்யட்டும்.

மே மாதத்தைப் பற்றி எழுத மாட்டேன். இன்னொருத்தி கை வழியாகப் போகிற கடிதத்தில் நிச்சயம் எழுத மாட்டேன்.

ஓக்ன்யான்
(நீ அடித்துவிட்ட தம்பி)

*

டிசம்பர் 9, திங்கள்

ஓக்ன்யானுக்கு,

கேவலமான வேலை செய்கிறாய். ஆள் பிடிக்கிறாய்.

முதலில் டிச்சோ. இருபதாம் தேதி எனக்கும் இல்லையாம், உனக்கும் இல்லையாம். அன்றைக்கு அவனுக்கு முதுகு வலிக்குமாம். முன்கூட்டியே தேதி சொல்லிவிட்டு வருகிற வலியை இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

அடுத்து என் பெண்கள். ஒருத்திக்கு அன்று மாலை பல் பிடுங்கப் போகிறார்களாம். ஒருத்தியின் கணவருக்கு மூன்று நாள் முன்பு நிக்கோலாஸ் தினப் பண்டிகையில் தின்ற கெண்டைமீன் இன்னும் செரிக்கவில்லையாம், பக்கத்தில் உட்கார வேண்டுமாம். கடைசியில் க்ரெமேனா வந்தாள். அவளை நான் கையைப் பிடித்து முதல் அடி வைக்கச் சொல்லிக் கொடுத்தேன். அவள் வாயிலிருந்து வந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"செவ்தாக்கா, எங்க பெரியம்மா ப்ளோவ்திவ்லேருந்து வர்றாங்க. அவங்கள விட்டுட்டு நான் எப்படி வர்றது?"

"கூட்டிட்டு வா."

"அவங்களுக்குக் காது கேக்காதுக்கா."

"உனக்கு மட்டும் கேக்குதா? நீ ஆடல?"

அழுவாள் என்று பார்த்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டு வெளியே ஓடினாள். படிக்கட்டில் அவள் தோள் குலுங்கியது. அது அழுகையாகத் தெரியவில்லை.

விருந்துக்கு இப்போது வருகிறவர்கள் நானும் பேக்கரிக்காரரின் மாமியாரும்தான். அவள் ஆடுவதில்லை, சாப்பிட வருகிறாள். இதற்கெல்லாம் பின்னால் நீதான் இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். என்ன ஆசை காட்டினாய்? விடுதியில் பன்றி வறுக்கிறாயா? மே மாதம் கைக்குட்டையைப் பிடுங்கினாய், டிசம்பரில் பள்ளியையே பிடுங்கப் பார்க்கிறாய்.

செவ்தா

*

டிசம்பர் 12, வியாழன்

அக்கா,

நான் ஆள் பிடிக்கவில்லை. இருக்கிற ஆளையே பிடித்து வைக்க முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை ஸ்லாவ்சோ வந்து தலையைச் சொறிந்தான். "அண்ணே, இருபதாம் தேதி ஒரு மாடு கன்னு போடுது. நான் இல்லாம ஆகாது."

"நீ இந்த வருஷம் பூரா பூனைக்கு ஊசி போட்டுட்டிருந்த. மாடு எங்கேருந்துடா வந்துச்சு?"

"புதுசா ஒண்ணு வந்திருக்குண்ணே."

"வந்த உடனே கன்னா?"

"அவசரமான மாடு அண்ணே."

மருந்துக்கடைக்காரருக்கு அன்றைக்குச் சரக்கு வருகிறதாம். இன்னொருவன் காரணமே சொல்லவில்லை, "நான் வரலேன்னு வெச்சுக்கங்க" என்றான். நம் ஊர்க்காரர்களுக்கு ஆடத்தான் வராது என்று நினைத்தேன், பொய் சொல்லவும் வரவில்லை. எந்த வேலையையும் பாதியில் விடுகிற ஜனம்.

நீதான் இழுக்கிறாய் என்று முதலில் நினைத்தேன். உன் கடிதத்தைப் படித்ததும் அந்தச் சந்தேகம் போய்விட்டது. உனக்கு அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது.

வேறொன்று சொல்ல வேண்டும். இன்று வகுப்பில் என் ஆட்கள் கையை வீசினார்கள். நான் சொல்லிக் கொடுத்த வீச்சு இல்லை. தோளிலிருந்து கிளம்பி மணிக்கட்டில் போய் ஒடிகிற அந்த அலட்டல் வீச்சு, உன்னுடையது. எங்கே கற்றீர்கள் என்று கேட்டேன். கூரையைப் பார்த்தார்கள். உன்னிடம் ரகசியமாக வருகிறார்களா? வந்தால் சொல்லிவிடு, அசிங்கமாக இருக்கிறது.

உன் கடிதத்தை என்னிடம் கொடுக்கும்போது கின்கா கையில் எடை பார்த்துவிட்டு, "என்ன, இந்தத் தடவ ரொம்ப மெல்லிசா இருக்கு" என்றாள். அவளுக்கு என்ன வந்தது?

ஓக்ன்யான்

*

டிசம்பர் 18, புதன்

ஓக்ன்யான்,

நேற்று மாலை உன் வகுப்பு விடுகிற நேரத்தில் ரொட்டி வாங்கப் போனேன். பழைய பள்ளிக்கூடத்து உடற்பயிற்சிக் கூடத்துப் படியில் என் க்ரெமேனாவும் உன் ஸ்லாவ்சோவும் ஏறிக்கொண்டிருந்தார்கள். இருவரும் சேர்ந்து ஒரு பீப்பாயைத் தூக்கிக்கொண்டு. புளித்த முட்டைக்கோஸ் பீப்பாய், அந்த வாடை தெரு முழுக்க அடித்தது. நோட்டரியம்மாவின் நல்ல கோட்டு நனைந்திருந்தது. அவள் கவலைப்படாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து கதவைத் திறந்தது டிச்சோ. குனிந்து பீப்பாய்க்குக் கை கொடுத்தான், முதுகில் ஒரு வலியும் இல்லை.

நான் ரொட்டிக் கடைக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். இந்த வயதில் இதுவும் வேண்டியிருக்கிறது. பல் பிடுங்கப் போகிறவள் வந்தாள், உன் மருந்துக்கடைக்காரர் வந்தார், உன்னுடையதும் என்னுடையதுமாக முக்கால்வாசிப் பேர் உள்ளே போனார்கள். எல்லோரும் போன பிறகு பள்ளிக்கூடத்துக் காவல்காரரிடம் போய்க் கேட்டேன். அவர் புதியவர், நான் யார் என்று தெரியாது.

"அவங்களா? ஆகஸ்ட்லேருந்து சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை வந்து ஆடுறாங்கம்மா. ரெண்டு பள்ளியும் ஒண்ணாத்தான். டீச்சருங்கள மட்டும் சேக்கல. ரெண்டும் கொஞ்சம் லூசாம். வெள்ளிக்கிழமை இங்கதான் விருந்து, அதுக்குத்தான் சாமான் ஏத்துறாங்க."

இதுதான் அவசரமான மாடு. இதுதான் காது கேட்காத பெரியம்மா.

உனக்குப் புரிகிறதா? எட்டு வைக்கத் தெரியாமல் வந்த கூட்டம். இடது எது வலது எது என்று கணுக்காலில் ரிப்பன் கட்டிச் சொல்லிக் கொடுத்தோம். இன்று நாம் இல்லாமல் நமக்குத் தெரியாமல் ஆடுகிறார்கள், நம்மைப் பற்றிச் சிரிக்கிறார்கள்.

நான் போக மாட்டேன். நீயும் போகாதே. கூப்பிடாத இடத்தில் போய் நிற்பது நம் குடும்பத்தில் வழக்கம் இல்லை.

செவ்தா

*

டிசம்பர் 21, சனி

அக்கா,

இது தபாலில் வருகிறது. ரெண்டு தெரு தள்ளியிருக்கிற வீட்டுக்கு எதுக்கு ஸ்டாம்ப் என்று தபாலாபீசில் கேட்டார்கள். படித்தால் உனக்குப் புரியும்.

போகாதே என்று எழுதியிருந்தாய். போனேன். உடற்பயிற்சிக் கூடத்தின் தெருப்பக்கத்து ஜன்னலில் புழுக்கத்துக்காக மேல் கண்ணாடியைத் திறந்து வைத்திருந்தார்கள். பூந்தொட்டி ஒன்றைக் கவிழ்த்து ஏறி நின்றேன்.

முதலில் கண்ணில் பட்டது ஸ்லாவ்சோ. முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், அதில் நிஜச் சாணி. மருந்துக்கடைக்காரர் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு வருகிறவர் போகிறவர் கையையெல்லாம் பிடித்து நாடி பார்த்தார். க்ரெமேனா கன்னம் வரை தொங்குகிற காகித இமை ஒட்டியிருந்தாள், நெற்றியில் தன் அலுவலக முத்திரையையே குத்தியிருந்தாள். உன் மற்ற பெண்கள் தலையில் ஆளுக்கொரு முட்டைக்கோஸ் இலை, புளித்த தண்ணீர் காதோரம் வடிய. என் ஆட்கள் கம்பளிக் காலுறையைக் கழுத்தில் மாலையாகப் போட்டிருந்தார்கள்.

எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. அத்தனையும் நம் வார்த்தை அக்கா. நீ எனக்கும் நான் உனக்கும் எழுதியவை. கின்கா கெட்டில் ஆவியில் உறையைப் பிரித்துப் படித்து, எல்லோருக்கும் சொல்லி, திரும்ப ஒட்டிக் கொடுத்திருக்கிறாள். போகாதே என்று நீ எழுதியதையும் படித்திருப்பாள், அந்தத் தைரியத்தில்தான் அங்கேயே விருந்து. அவளும் அங்கே நின்றாள், தட்டு நிறையப் பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பானித்சாவோடு.

பிறகு நாடகம். ஸ்லாவ்சோ தலையில் சால்வை கட்டிக்கொண்டு நீயாக உட்கார்ந்தான், க்ரெமேனா கரியில் மீசை வைத்துக்கொண்டு நானாக. இரண்டு மேஜை, நடுவில் கின்கா கின்காவாகவே ஓடி ஓடிக் கடிதம் கொடுத்தாள். "அன்புள்ள தம்பிக்கு" என்று எழுதுவது, அடிப்பது, எழுதுவது, அடிப்பது என்று அந்த மடையன் செய்தபோது ஜனம் தரையில் விழுந்து சிரித்தது. உன்னை அவன் நன்றாகவே செய்தான். என்னை க்ரெமேனா செய்தது சுத்தமாகச் சரியில்லை, நான் அப்படி மூக்கை உறிஞ்சுவதில்லை.

கடைசியில் ஸ்லாவ்சோ பிளம் சாராயத்தைத் தூக்கிப் பிடித்தான். "ரெண்டு பைத்தியத்துக்கும் சேத்துக் குடிப்போம். ஒண்ணா இருந்தப்ப வாரத்துல ரெண்டு நாள் ஆடுனோம். அதுங்க அடிச்சுக்கிட்டதால நமக்கு மூணு நாள் கெடச்சுது. சாமி சத்தியமா சொல்றேன், எம் பொண்டாட்டி செத்த வருஷம் இதுங்க ரெண்டும் இல்லேன்னா நான் கிளினிக்லயே கெடந்து செத்திருப்பேன். ஆனா இத அதுங்ககிட்ட எவனாவது சொன்னீங்க, தொலைச்சுருவேன். அப்புறம் தலைக்கனம் தாங்காது."

ஒருத்தரும் சிரிக்கவில்லை. குடித்தார்கள்.

பிறகு டிச்சோ வாசித்தான், ஒரே வரிசையாகக் கோத்துக்கொண்டு ஆடினார்கள். உன் கை வீச்சு, என் கால் அடி. எதுவும் எதோடும் சேரவில்லை. பூந்தொட்டியிலிருந்து இறங்க மனம் வரவில்லை.

அப்போதுதான் எதிர்ப்பக்கத்து ஜன்னலில் ஒரு மூக்கு கண்ணாடியோடு அழுந்தியிருப்பதைப் பார்த்தேன். அந்த மூக்கை எனக்குத் தெரியும், எனக்கும் அதே மூக்கு. நீயும் என்னைப் பார்த்தாய், உடனே இறங்கிப் போனாய். நான் சுற்றி ஓடி வந்தபோது நீ தெருமுனையில் இருந்தாய். வலது காலை இழுத்து இழுத்துப் போனாய்.

அதனால் மே மாதத்தைப் பற்றி இப்போது எழுதுகிறேன். அன்றைக்கும் உன் வலது முழங்கால் மடங்கியது. வரிசையில் யாரும் பார்க்கவில்லை, நான் பார்த்தேன். இன்னும் ரெண்டு எட்டு வைத்திருந்தால் ஏழெட்டு ஊர் பார்க்கப் புல்லில் விழுந்திருப்பாய். உன்னைத் தாங்க வேறு வழி தெரியவில்லை. முன்னால் வந்து கையைப் பிடித்தேன், உன்னை இரண்டாம் ஆளாக்கி என் மேல் சாய வைத்தேன். கைக்குட்டையையும் வாங்கிக்கொண்டேன், இல்லாவிட்டால் எல்லோர் கண்ணும் உன் காலுக்குப் போயிருக்கும். மறுநாள் சொல்ல வந்தேன். வாசலில் எல்லோரும் நின்றார்கள், நீ திருடன் என்று கத்தினாய். அவர்களுக்கு முன்னால் உன் முழங்காலைப் பற்றிப் பேச என்னால் முடியவில்லை. திருடனாகவே வீட்டுக்கு வந்தேன்.

டாக்டரைப் பார்த்தாயா?

ஓக்ன்யான்

*

டிசம்பர் 24, செவ்வாய்

ஓக்ன்யான்,

ஜன்னலில் நின்றது நான் இல்லை.

சரி, நான்தான். பாதாம் மரத்தடிக் குப்பைத் தொட்டி மேல் ஏறி நின்றேன். உன்னுடைய பூந்தொட்டி கௌரவமானது.

கின்காவின் கழுத்தை நெரிக்கலாம் என்று காலையில் மன்றத்துக்குப் போனேன். "எழுதுறவங்களுக்கே வெக்கமில்ல, படிக்கிறவளுக்கு எதுக்கு வரணும்?" என்றாள். நானும் இனிமேல் தபாலில்தான் எழுதுவேன்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை கோபத்தில் தட்டை உடைத்தேன். ஏழு மாதம். நான் ஊர் முழுக்க உன்னைத் திட்டித் தீர்க்க, நீ வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாய். என்னை இப்படி முட்டாளாக்க உனக்கு என்ன உரிமை? அன்றைக்கு முழங்கால் மடங்கியது எனக்குத் தெரியும். விழப்போகிறேன் என்றும் தெரியும். நீ பார்த்தாய் என்பது தெரியாது. நான் சமாளிக்கிற நேரத்தில் நீ புகுந்து பறித்துக்கொண்டாய் என்றுதான் இத்தனை நாள் நினைத்தேன். அப்படி நினைப்பது எனக்குச் சௌகரியமாக இருந்தது. முழங்காலைப் பற்றி நினைக்க வேண்டியிருக்கவில்லை.

டாக்டரைப் பார்த்தேன், ப்ளேவெனில். இந்த முழங்காலை மாற்றிவிட்டு வேறு போட வேண்டுமாம். பிப்ரவரியில் வா என்றார். "ஆடுவீங்களா?" என்று கேட்டார். "ஆட வைப்பேன்" என்றேன். யாருக்கும் சொல்லவில்லை. ஸ்லாவ்சோவுக்குத் தெரிந்தால் மாட்டுக்குப் போடுகிற ஊசியோடு வந்து நிற்பான்.

இப்போது என் கழுத்தில் கத்தி. க்ரெமேனாவும் ஸ்லாவ்சோவும் சேர்ந்து நகராட்சிக்குப் போயிருக்கிறார்கள். "ரெண்டு பள்ளியும் ஒண்ணாவே ஆடும், செவ்தாக்கா முன்னால நிப்பாங்க" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. கலாச்சாரப் பிரிவிலிருந்து போன் வந்தது, வாழ்த்துச் சொன்னார்கள். நான் நன்றி சொன்னேன். வேறு என்ன சொல்வது? முடியாது என்று சொன்னால் ஏன் என்பார்கள். முடியும் என்று போனால் சதுக்கத்தைப் பாதி சுற்றுவதற்குள் விழுவேன். எனக்குப் பயமாக இருக்கிறது ஓக்ன்யான். ஊர் முழுக்க நின்று என்னை ஐயோ பாவம் என்று பார்க்கும். அந்த ஜனம் சிரித்தால் தாங்குவேன், இரக்கப்பட்டால் தாங்கமாட்டேன்.

அதனால் சொல்வதைக் கேள். நீ வா. எங்காவது நடுவில் நில். பாதிச் சதுக்கம் தாண்டியதும் ஓடிவந்து எனக்கு முன்னால் கைகோத்துக்கொள், மே மாதம் செய்த மாதிரியே. கைக்குட்டையைப் பிடுங்கு. ஊர் மறுபடியும் உன்னைத் திருடன் என்று சொல்லும், உனக்கு அது பழக்கம்தான். நான் உன்னை நாலு வார்த்தை திட்டிவிட்டுக் கோபத்தில் வீட்டுக்குப் போய்விடுகிறேன். கோபமாகப் போகிறவள் நொண்டினால் யாரும் கவனிக்க மாட்டார்கள்.

இதைச் செய். நான் உன்னிடம் எதையும் கேட்டதில்லை.

செவ்தா

*

டிசம்பர் 27, வெள்ளி

அக்கா,

செய்ய மாட்டேன்.

ஒருமுறை திருடன் என்று பேர் வாங்கியாகிவிட்டது. இரண்டாவது முறை செய்தால் அதுவே தொழில் என்பார்கள். தவிர, நீ என்னைத் திட்டுவதாகச் சொல்கிற அந்த நாலு வார்த்தை எனக்குத் தெரியும். அதைப் பண்டிகை நாளில் குழந்தைகள் கேட்க வேண்டாம்.

நான் சொல்வதைக் கேள். நீயே தலைப்பக்கம் நில். கைக்குட்டை உன் வலது கையில். நான் இரண்டாம் இடம். உன் பக்கத்தில் வழக்கமாக நிற்கிற நோட்டரியம்மாவை மூன்றாம் இடத்துக்கு அனுப்பு, முகத்தைத் தூக்குவாள், தூக்கட்டும். டிச்சோவிடம் பேசிவிட்டேன். முதல் பாட்டு கைகோக்கிற ஹோரோ இல்லை, இடுப்பு வாரைப் பிடிக்கிற ஹோரோ. என் வலது கை உன் வாரில் இருக்கும். "ஏன்ணே, எல்லா வருஷமும் கை பிடிச்சுத்தானே ஆடுவோம்?" என்று கேட்டான். "உன் முதுகு இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டேன். அக்கார்டியனை எடுத்து அந்தப் பாட்டை வாசித்துப் பார்க்க ஆரம்பித்தான்.

வலது கால் முறை வரும்போது நீ ஊன்றாதே. ஊன்றுகிற மாதிரி மட்டும் காட்டு, முகத்தில் அந்த அலட்டலை விடாதே. பாரத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். சின்ன வயதிலிருந்து உன்னைப் பொறுத்துக்கொண்டு வருகிறேன், ஒரு சுற்று பெரிய விஷயம் இல்லை.

பிளாஸ்டிக் நாணயம் தைத்த உன் பள்ளிக் கச்சையைக் கட்டிக்கொண்டு வராதே, அது கையோடு வந்துவிடும். தோல் வார் போட்டு வா. அகலமானது, உள்ளே என் நாலு விரல் நுழைகிற அளவுக்குத் தளர்வாக. உன்னிடம் இல்லாவிட்டால் என்னிடம் இருக்கிறது, ஆட்டுத்தோல் வாடை அடிக்கும், மூக்கைப் பொத்திக்கொள்.

யாருக்கும் தெரியாது. உனக்கும் எனக்கும் மட்டும்தான்.

ஓக்ன்யான்

*

ஜனவரி 2, 2014, வியாழன்

தம்பி,

என் இடுப்பில் உன் நாலு விரலும் நீலமாகப் பதிந்திருக்கின்றன. உட்கார்ந்தால் வலிக்கிறது, படுத்தால் வலிக்கிறது. வாரைப் பிடி என்றால் வாரைத்தான் பிடிக்க வேண்டும், என்னைச் சேர்த்துப் பிடித்திருக்கிறாய்.

அந்த ஜனத்தைப் பார்த்தாயா? வரிசை தபாலாபீஸ் வரை நீண்டு, அங்கே வளைந்து, திரும்பிச் சதுக்கத்துக்கே வந்துவிட்டது. ஸ்லாவ்சோ அன்றைக்கும் காலை உதறி எனக்குப் பின்னால் நாலு பேரை மிதித்தான். க்ரெமேனா மூன்றாம் இடத்துக்குப் போன கோபத்தில் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை, அதனால் முதல்முறையாக ஒழுங்காக ஆடினாள். மருந்துக்கடைக்காரர் யார் கையையோ விடாமல் பிடித்துக்கொண்டு ஆட்டம் முடிந்தும் நின்றார். இவர்களை வைத்துக்கொண்டு நான் இன்னும் எத்தனை வருடம் மாரடிப்பது என்று தெரியவில்லை. பிப்ரவரியில் நான் ப்ளேவென் போனால் திங்களும் புதனும் இவர்களை நீதான் மேய்க்க வேண்டும். கை வீச்சை மாற்றித் தொலைக்காதே.

நீரூற்றுப் பக்கம் திரும்பும்போது முழங்கால் மொத்தமாகப் போய்விட்டது. அந்த இடத்தில் நான் விழுந்திருக்க வேண்டும். அங்கிருந்து கடைசிவரை நான் ஆடவே இல்லை, உனக்குத் தெரியும். கைக்குட்டையை மட்டும் வீசினேன். நீ மூச்சு வாங்குவது காதில் கேட்டது. உன் முகத்தைப் பார்த்தால் அழுதுவிடுவேன் என்று பார்க்கவில்லை. இப்போது வீட்டில் யாரும் இல்லை, அழுகிறேன்.

இன்று சாவி கொடுக்கப் போனேன். கின்கா என்னை நிறுத்தி, மேலும் கீழும் பார்த்தாள். "செவ்தா, உண்மையச் சொல்லு, நீ எதாச்சும் மருந்து சாப்பிடுறியா? பத்து வருஷமா உன்னப் பாக்குறேன், இவ்வளவு லேசா நீ ஆடி நான் பாத்ததே இல்ல. கால் தரையில படவே இல்லயே."

தினமும் பயிற்சி செய்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அக்கா